இரட்டைத்தலைப் பனையின் படம்

எங்கள் குப்பத்துக் கரையில் ஒரு பனைமரம் பாதி உயரத்தில் பிரிந்து, இரண்டு தலையோடு நிற்கும். நாங்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதற்காகவே ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கியபோதுதான் அது அதிசயம் என்று எங்களுக்கே தெரிந்தது. நாடு நாடாகப் போய் விசித்திரமான மரங்களைப் படம் எடுப்பதுதான் அவர் வேலையாம். இப்படியும் ஒரு பிழைப்பா என்று அம்மா சிரித்தாள்.

இரண்டு நாள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கமும் அவருக்குத் திருப்தியில்லை. எனக்கு ஒன்பது வயது, வாய் மட்டும் அதற்கு மேல். "கடல்லேர்ந்து பாத்தா சூப்பரா இருக்கும்" என்று அவரோடு வந்த சென்னைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

நைனாவோடு படகில் போகும்போது பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில், கரையிலிருக்கும் கலங்கரை விளக்கம் சரியாகப் பனையின் இரண்டு தலைக்கும் நடுவில் வந்து நிற்கும். நைனா உடனே இன்ஜினை அணைத்துத் தூண்டில் போடுவார். அடியில் பாறை, பாறையைச் சுற்றிப் பெரிய மீன்கள். எங்கள் வீட்டு அரிசி, என் பள்ளிக்கூடம் எல்லாம் அங்கிருந்துதான். "யாராண்டயும் சொல்லாத கண்ணு" என்பார். மீனைப் பற்றி நான் மூச்சுவிட்டதில்லை. மரத்தைப் பற்றித்தானே சொன்னேன்?

நைனாவும் யோசிக்கவில்லை. "வெளியூர்க்காரரு, அவருக்கு இன்னா தெரியப்போவுது" என்று தானே படகில் அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் பெரிய படம் வந்தது. மரம் ராஜா மாதிரி நின்றது, கலங்கரை விளக்கம் நடுவில் கிரீடம் மாதிரி. நைனா கடலில் இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. டீக்கடைக்கு ஓடி, சுவரில் மாட்டச் சொன்னேன்.

படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள். டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மாமா கலங்கரை விளக்கத்தின் மேல் விரலை வைத்து, "இது எங்கேர்ந்துமா எடுத்தது?" என்றார்.

"எங்க நைனா படகுலேர்ந்து!" என்றேன். எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒருவர் பன் வாங்கித் தந்தார்.

சாயங்காலம் நைனா வந்து படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "மரம் நல்லாத்தான் வந்துகீது" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ குடிக்காமல் வீட்டுக்கு நடந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஏழெட்டுப் படகுகள் நைனாவின் படகுக்குப் பின்னாலேயே ஒரே திசையில் போயின. எங்கள் மரத்தைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் போகிறார்கள் என்று, கரையில் நின்று சந்தோஷமாகக் கையாட்டினேன்.