களஞ்சியம் என்று குறித்த கூரை

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் எனக்கு வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரிடமும் கம்பியூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் படங்களில் பெட்டி போடுகிற வேலை. திரையில் ஒரு படம் வரும். அதில் இருப்பதைச் சுற்றிக் கோடு வரைந்து, அது என்ன என்று பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தெரிவு செய்ய வேண்டும். காலையில் உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை இதேதான்.

முதல் சில மாதங்கள் எல்லாம் விமானங்கள். ஒரு போர் விமானம், அதன் பக்கத்தில் விமானி உட்கார இடமே இல்லாத இன்னொன்று. போர் விமானத்தின் இறக்கை நுனியையும் வாலையும் நான் குறித்துக் கொடுத்தால், ஆளில்லாதது அதைப் பார்த்து விலகாமல் பறக்கப் பழகிக்கொள்ளுமாம். எங்கள் மேற்பார்வையாளர்தான் சொன்னார். கீழே இருக்கும் துணிக்கடை அவருடைய வாப்பாவுடையது.

"விமானிக்குத் துணைக்குப் போறது தங்கச்சி. ஆபத்தான இடத்துக்கு அது முன்னால போய்ப் பாத்துச் சொல்லும். தேவப்பட்டா அதுவே குண்டும் போடும். மனுசன் உயிர் தப்பும்."

குண்டு என்றதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் உயிர் தப்பும் என்றதை மட்டும் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு தரைப் படங்கள் வந்தன. மேலிருந்து பார்ப்பது என்னவென்று அந்த விமானம் புரிந்துகொள்ள வேண்டுமே. வீதி, பாலம், லொறி, வீடு, களஞ்சியம். எந்த நாடு என்று போட்டிருக்காது. ஒரு நாள் மலைச்சரிவில் நீளமான தகரக் கூரை ஒன்று வந்தது. நான் யோசிக்கவேயில்லை, வீடு என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பில் திரும்பி வந்தது: பிழை, களஞ்சியம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் இருப்பதை எனக்கு யார் வந்து சொல்லித்தர வேண்டும்? படத்தைப் பெரிதாக்கினேன். கூரை நெடுக, விட்டு விட்டுப் புகைக் கறை. களஞ்சியத்துக்குள் இத்தனை அடுப்பு எதற்கு? மறுபடியும் வீடு என்றே போட்டேன். மறுபடியும் சிவப்பு.

மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்தார். "நீங்க சொல்றது சரியா இருக்கும். ஆனா இவ்வளவு நீளமா இருந்தா களஞ்சியம்னு படம் அனுப்புற கம்பெனி விதியில இருக்கு. மூணாவது தடவையும் திரும்பி வந்தா உங்கள நிப்பாட்டிருவாங்க. நான் ஒண்ணும் செய்ய ஏலாது தங்கச்சி."

மறுநாள் காலையில் ரொட்டி தட்டிக்கொண்டே கணவரிடம் சொன்னேன். "நீ போடாட்டி வேற ஒருத்தி போடப் போறா. வேலைய விட்டுட்டுத் திரும்பக் கொழுந்து பறிக்கப் போறியா?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தில் லயக் கூரைகள் தெரிந்தன. காதில் வாங்கிக்கொள்ளாமல் விட்ட குண்டு இப்போது ஞாபகம் வந்தது; வீட்டில் போட யோசிப்பார்கள், களஞ்சியத்தில் போட யோசிக்க மாட்டார்கள். அந்த விதிப்படி பார்த்தால் எங்களில் ஒருவர்கூட வீட்டில் குடியிருக்கவில்லை.

போய் உட்கார்ந்ததும், மனம் மாறுவதற்குள் களஞ்சியம் என்று அழுத்தினேன். பச்சை வந்தது. கீழே இறங்கிப் போய் ஒரு பிளேன்டீ குடித்தேன், மேலே வந்தேன், உட்கார முடியாமல் மறுபடி இறங்கினேன். வெட்கமாக இருந்தது. யாரிடம் சொல்ல?

அதற்குப் பிறகு என் படம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஆகவே மற்றவர்களின் படங்களைச் சரிபார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். இரண்டாம் நாளே ஒரு நீளக் கூரைக்கு வீடு என்று போட்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது வீடுதானே அக்கா? கொடியில துணி காயுது பாருங்க."

"விதியில களஞ்சியம்னுதான் இருக்கு. மாத்திருங்க" என்றேன்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சண்டை பிடித்தால் நானும் சேர்ந்து பிடிப்பேன் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் போதும்.

"சரிங்க அக்கா" என்று மாற்றிவிட்டு, அடுத்த படத்தை எடுத்தாள்.