இடது கையில் எழுதிய அ

விருத்தாசலத்தில் நான் விலங்கியல் ஆசிரியை. பரம்பரைப் பாடம் வந்தால் வகுப்பில் இரண்டு கட்சிகளை மோதவிடுவேன். வாழ்நாளில் பழகியது பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்பது ஒரு கட்சி. வேறுபாடு பிறவியிலேயே வருவது, அதில் தாக்குப்பிடித்தது நிலைக்கும், பழகியது அந்த உடம்போடு சரி என்பது மறு கட்சி. முதல் கட்சி எப்போதோ தோற்றுவிட்டது என்று சொல்லித்தான் பாடத்தை முடிப்பேன். ஆனால் என் வீட்டுக் கூடத்தில் அது ஜம்மென்று உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது, என் நாத்தனார் உருவத்தில்.

மூன்று வயது மகளுக்கு எதற்கும் இடது கைதான் நீளும். மறுநாள் விஜயதசமி, அரிசியில் எழுத வைக்க ஏற்பாடு. அதற்காகக் கம்மாபுரத்திலிருந்து வந்திருந்த நாத்தனார், குழந்தையின் இடது கையைத் துணியால் கட்டிவிடச் சொன்னார்.

"இப்பவே திருத்திட்டா இவ புள்ளைங்களுக்குப் போவாது. ஒன்ன லேட்டா திருத்துனாங்க, அதான் இதுக்கு வந்திருக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றாம் வகுப்பு முழுக்க என் இடது கையைப் பாவாடை நாடாவோடு கட்டி வைத்தார் அம்மா. அழுது அழுது வலது கைக்கு மாறினேன். இன்றும் சாக்பீஸ் பிடிப்பது வலது கைதான். அத்தனை அழுகையில் ஒரு துளிகூட என் மகளுக்குப் போகவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கணவர் செராமிக் பட்டறையில் அச்சில் மண் கரைசல் ஊற்றிப் பொம்மை எடுப்பவர். அக்கா மனம் நோகாமல் ஒருநாள் மட்டும் கட்டிவிட்டு அவிழ்த்துவிடலாம் என்றார். நான் அவரிடம் திரும்பினேன்.

"பொம்மையோட மூக்கு ஒடஞ்சா, அச்சோட மூக்கும் ஒடையுதாங்க?"

இல்லை என்று தலையாட்டினார்.

நாத்தனார் விடுவதாக இல்லை. காலையில் துணியை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, குழந்தையின் வலது விரலை அரிசியில் அழுத்தினார். அது திமிறி அழுதது. நான் அரிசித் தட்டைப் பக்கத்தில் இழுத்து, என் இடது கை விரலால் ஒரு அ போட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கை எழுதிய முதல் எழுத்து. கோணல்மாணலாகத்தான் வந்தது. அழுகையை நிறுத்திய மகள், தன் இடது விரலை அதன்மேல் வைத்து இழுத்தாள்.

"அந்தத் துணியக் குடுங்க அண்ணி" என்றேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். சிந்திக் கிடந்த அரிசியை அதில் அள்ளி முடிந்து, சமையலறைக்குக் கொண்டுபோனேன்.