எந்த ஷுப்பர்?

யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் மர்ஹூன், "நம்பர் என்ன?" என்று கேட்பார். ரொட்டிக் கடையில், கல்யாண வீட்டில், துக்க வீட்டில்கூட. "நம்ம கரீம் மகனுக்குக் குழந்தை பொறந்திருக்கு" என்றால், "எந்தக் கரீம்? நம்பர்?" பதினோரு வருஷமாக ஐன் சிதர் ஊரே அதற்குச் சிரித்தது. அவர் மட்டும் சிரித்ததில்லை.

காலையில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பார். மாலையில் ஊர்க் கால்பந்துக் கிளப்பின் செயலாளர், சம்பளம் கிடையாது. பஹ்ரைனில் இரண்டாம் பிரிவு லீக் என்றால் இப்படித்தான். கோல்கீப்பர் தீயணைப்பு நிலையத்தில் ஷிஃப்ட் முடிந்து மூச்சிரைக்க வருவான். பார்க்க நாற்பது பேர். எவனாவது நன்றாக ஆடினால் சீசன் முடிந்ததும் முதல் பிரிவுக் கிளப் ஒன்று கொத்திக்கொண்டு போய்விடும். மேலே ஏறினால்தான் விடிவு. பதினேழு வருஷமாக ஏறவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த சீசனில், கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் ஏறலாம் என்ற நிலை. நான்கு நாள் முன்பு லீக் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: சையத் ஷுப்பர் சையத் அலவிக்கு மூன்றாவது மஞ்சள் அட்டை, அடுத்த ஆட்டத்தில் ஆடக்கூடாது.

அணியில் அந்தப் பெயரில் இரண்டு பேர். பங்காளிகள். ஒரே முன்னோர்களின் பெயர்களை இரண்டு வீட்டிலும் வைத்ததால் அப்பா பெயரும் ஒன்றாகிவிட்டது. பெரிய ஷுப்பர் தடுப்பாட்டக்காரர். எதிராளியின் கணுக்காலைக் கண்டால் அவர் கால் சும்மா இருக்காது. சின்ன ஷுப்பர் கோல் அடிப்பவன், பரம சாது. கடிதத்தின் அடியில் ஆட்டக்காரரின் பதிவு எண் இருந்தது. மர்ஹூன் அந்த அடி வரைக்கும் படிக்கவில்லை. இதில் படிக்க என்ன இருக்கிறது?

"சையத், நீ வெளிய உக்காரு," என்றார் பெரிய ஷுப்பரிடம்.

"அபூ ஹசன், எனக்கு ரெண்டு மஞ்சள்தான். எண்ணிப் பாருங்க." மகன் பெயரை வைத்து மர்ஹூனை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நீ உதைச்ச கால எண்ணவே ஒரு சீசன் பத்தல. அட்டைய வேற எண்ணணுமா?"

உடை மாற்றும் அறையே சிரித்தது.

"முட்டி போச்சு. இதான் எனக்குக் கடைசின்னு உங்களுக்கே தெரியும்," என்றார் பெரிய ஷுப்பர்.

"அட, ஒரு ஆட்டம் உனக்குக் கடன். அடுத்த தடவ இப்படி ஒரு ஆட்டம் வந்தா முதல் பேரே உன் பேருதான். போதுமா?"

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். இரண்டும் சின்ன ஷுப்பர் அடித்த கோல். கார்கள் ஹாரன் அடித்தபடி ஊரைச் சுற்றின. ஹல்வாக் கடைக்காரர் தட்டோடு தெருவுக்கு வந்தார்.

மூன்றாம் நாள் அடுத்த கடிதம். தடை செய்யப்பட்டவரை ஆடவிட்டதால் வெற்றி ரத்து. மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோல்வி. மர்ஹூன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து அடியிலிருந்த எண்ணைப் பார்த்தார். சின்ன ஷுப்பருடையது. முந்தின ஆட்டத்தில் விசில் ஊதிய பிறகும் கோபத்தில் பந்தை எட்டி உதைத்தானே, அதற்கு. மர்ஹூன் அதைக் கண்ணால் பார்த்தவர்தான்.

"ஒரே பேர்ல நாலு வீடு இருக்குற தெருவுக்குக்கூட நான் கடிதத்தத் தப்பாப் பிரிச்சதில்லயே," என்றார் மனைவியிடம்.

"அங்க வீட்டு நம்பரப் பாப்பீங்க," என்றாள் அவள்.

பெரிய ஷுப்பர் தன் காலணிப் பையை எடுக்கக் கிளப்புக்கு வந்தார். "இப்பவாவது எண்ணுனீங்களா?"

மன்னிப்புக் கேட்கத்தான் மர்ஹூன் வாயைத் திறந்தார். "அவங்க நம்பர மேல எழுதியிருக்கணும்" என்றுதான் வந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் தன்னையே எத்தனை நாள் திட்டிக்கொண்டார் என்பது பெரிய ஷுப்பருக்குத் தெரியாது.

அடுத்த சீசனில் சின்ன ஷுப்பரை முதல் பிரிவுக் கிளப் கொண்டுபோனது. அதன்பின் அப்படி ஓர் ஆட்டம் வரவேயில்லை.

சென்ற மாதம், கண் பார்வை மங்கியதால், மர்ஹூன் பொறுப்பை ஒப்படைத்தார். புதிய செயலாளர் இழுப்பறையைத் திறந்ததும் பதிவுப் படிவங்கள், வருஷத்துக்கு ஒன்றாகப் பதினொன்று. எல்லாவற்றிலும் ஒரே பெயர், மேலே கொட்டை எழுத்தில் பெரிய ஷுப்பரின் எண். கையெழுத்து இடம் காலி.

"இவருக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆச்சே, அபூ ஹசன். எதுக்கு இதெல்லாம்?"

"ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு. கையெழுத்து மட்டும்தான் கேக்கணும். கேக்கல."

"மேல ஏறுற ஆட்டமா?" புதியவர் சுவரில் ஒட்டியிருந்த லீக் பட்டியலைத் திரும்பிப் பார்த்தார்.

ஐன் சிதர், ஒன்பதாவது இடம்.