மலையைச் சுற்றிப் போன பொத்தான்

இந்த ஊர் நூலகத்தில் வியாழக்கிழமை சாயங்காலமானால், தலை நரைத்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஓர் ஆறு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வாதாடுவார்கள். கனடாவுக்கு வந்த புதிதில், இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்திருக்கிறேன். இப்போது அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. பெரிய வெள்ளைத்தாள், பென்சில், பகடை, காய்களாகச் சட்டைப் பொத்தான்கள். முறை வரும்போது ஆளுக்கு ஒன்றாகக் குளமோ தெருவோ திருவிழாவோ சேர்க்கலாம். ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் அழிக்கக் கூடாது. ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேசம் மிஞ்சும். ஓய்வுபெற்ற டீச்சர் ஹெலன், தான் எழுதப்போகும் கதைக்கு அப்படித்தான் ஊர் பிடிக்கிறார்.

வேடிக்கை பார்க்கப் போன என்னிடம் ஹெலன் பென்சிலை நீட்டியபோது, கை தானாக நடுவில் ஒரு மலையைப் போட்டது. திருவண்ணாமலைக்காரிக்கு வேறென்ன வரும்? எங்கள் பள்ளியில் பூனை வரையச் சொன்னாலும் பின்னால் மலை நிற்கும். அப்போது வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இனி இங்கேயே தங்கிவிடலாம் என்று என் கணவர் முடிவெடுத்துவிட்டார். அம்மாவும் தம்பி குமாரும் ஊரில், கிரிவலப் பாதையோரம் அடி அண்ணாமலையில் இருந்தார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் ஆட்டத்தில், மலையடிக் கிராமம் ஒன்றில் காய்ச்சல் பரவியது. மருந்து என் பொத்தானிடம் இருந்தது. கிராமமோ இரண்டு விரற்கடை தூரம். நான் பொத்தானை எதிர்ப்பக்கம் திருப்பி, மலையை முழுக்கச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மார்ட்டின், எனக்கு வழி தெரியவில்லை என்று நினைத்து விரலால் காட்டினார். மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நடக்க வேண்டும் என்றேன். மீறினால் போலீஸ் பிடிக்குமா என்று அக்கறையாகக் கேட்டார். இல்லை என்றேன். பிறகென்ன என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள் என்றேன். உடனே ஹெலன் தாளின் மூலையில், இந்த நாட்டில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள் என்று எழுதிவிட்டார்.

பெருமை தாங்காமல் குமாருக்குப் போன் போட்டேன்.

"இன்னாக்கா சொல்ற? நாங்க தெனம் எந்தப் பக்கம் பஸ் வருதோ அதுல ஏறித்தான் போறோம். வலமெல்லாம் பௌர்ணமிக்குத்தான். அன்னிக்கும் அம்மா கடையில போண்டா போடறப்ப எண்ண தீந்துட்டா, கூட்டத்துக்கு எதிர்க்க வேலியோரமா ஓடுனது நீதான? அங்க போயி பக்தி ஜாஸ்தியாய்டுச்சு உனக்கு."

சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஊரைக் கலையாமல் வைத்திருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். நான் வைத்திருந்த ஊரில் யாருமே குடியில்லை.

அடுத்த வியாழன், எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் நடப்பார்கள் என்ற உண்மையைச் சொன்னேன். எழுதியதை அழிக்க முடியாதே என்றார் ஹெலன். அவர் கதைக்குப் பெண்ணும் கிடைத்துவிட்டாள். மலைக்கு அந்தப் புறம் வாழ்க்கைப்பட்டவள். திரும்பி நடக்க முடியாதவள் தாய்வீட்டுக்கு எப்படிப் போவாள் என்பதுதான் அவர் கவலை.

"முன்னால் நடந்துகொண்டே இருந்தால் வந்துவிடும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

பொத்தானை நடுவழியில் வைத்தேன். இவள் இப்போது அம்மா வீட்டுக்குப் போகிறாளா, கணவன் வீட்டுக்கா என்று மார்ட்டின் கேட்டார். இரண்டுக்கும் அதே வழிதான் என்றேன். அவர் தாளில் மலையைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், இங்கேயே இருக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். பிறகு அம்மாவுக்குப் போன் செய்து, பௌர்ணமிக்கு வருகிறேன் என்றேன்.