புஸ்ஸி வீதியில் ஓர் ஆம்ப் தேடிப் போனேன்

காலை 7.40. விழுப்புரத்திலிருந்து வந்த புதுச்சேரி பேருந்தில் கண்டமங்கலத்தில் ஏறினேன். பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். சனிக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. மடியில் துணிப்பை, அதற்குள் துண்டில் சுற்றிய ஹெட்போன். சட்டைப் பையில் நான்காயிரத்து எண்ணூறு ரூபாய்.

வெளியூர்க்காரர்கள் புதுச்சேரிக்குக் கடல் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்க. தீப்பெட்டி அளவிலிருந்து சீட்டுக்கட்டு அளவு வரைக்கும் வரும் சின்னப் பெட்டி அது. போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகினால் சத்தம் கூடும். இணையத்தில் வாங்கலாம்தான். ஆனால் காதில் மாட்டிக் கேட்காமல் அத்தனை பணத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டுப் பார்த்து வாங்க புஸ்ஸி வீதிப் பக்கம் ஒரு கடை இருப்பதாக நண்பன் சொல்லியிருந்தான்.

"பாண்டி ஒண்ணு!" என்று நோட்டை நீட்டினேன்.

கண்டக்டர் ஒரு கணம் என்னையே பார்த்தார். "மெதுவா கேளு தம்பி. டிரைவரே பிரேக் போட்டுட்டாரு."

முன் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். அப்பா பாண்டியில் ஒரு மில்லில் இருபத்திரண்டு வருடம் தறி ஓட்டினார். தறி ஓடும் கொட்டகையில் பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தப் பேச்சு அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. மில் மூடிப் பல வருடம் ஆகிறது. எங்களிடம் மிஞ்சியது அந்தக் குரலும், பரணில் ஒரு மூட்டை கழிவுப் பஞ்சும்தான்.

வில்லியனூர் தாண்டும்போது மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வேலை, பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது. சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் கிராமங்களில் எடுத்த பேட்டிகளை அனுப்பும். நான் வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எழுதிச் சம்பாதிக்கும் முதல் ஆளும் நான்தான். போன மாதம் அடுத்தடுத்து இரண்டு பேட்டிகள் திரும்பி வந்தன. 'பதில் சொல்பவரின் வார்த்தைகள் பல இடங்களில் விடுபட்டுள்ளன' என்று குறிப்பு. மூன்றாவதும் அப்படி வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த மூன்றாவது பேட்டி இப்போது என் போனில் இருக்கிறது. திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும்.

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மூன்று ஹெட்போன் மாற்றிவிட்டேன். மூன்றிலும் இடது பக்கம் செத்துக் கிடந்தது. மூன்றும் மட்டமான சரக்கு என்று முடிவு செய்து, கடைசியாக ஸ்டூடியோவில் பயன்படுத்தும் பெரிய ஹெட்போன் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதிலும் இடது பக்கம் மந்தம். 'இந்த ரக ஹெட்போனுக்கு இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை, அதிகம், போனின் சக்தி போதாது, ஆம்ப் வேண்டும்' என்று ஒரு வீடியோவில் ஒருவர் அடித்துச் சொன்னார். நம்பினேன்.

காலை 8.50. பேருந்து நிலையம். புஸ்ஸி வீதிக்கு நடந்தே போனேன், இருபது நிமிடம். கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. மாடியில் பத்துக்குப் பத்து அறை. நடத்துபவர் மரி அக்கா, நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் பட்டாளத்து உடுப்பில் அவருடைய படம் இருந்தது.

துண்டைப் பிரித்து ஹெட்போனை மேசையில் வைத்தேன்.

"அடேயப்பா, பொறந்த கொழந்தைய தூக்கியாந்த மாதிரி தூக்கியாந்திருக்க. எவ்ளோல வேணும்?"

"நாலாயிரத்துக்குள்ள மேடம்!"

"நான் இங்கதான் தம்பி இருக்கேன். காரைக்கால்ல இல்ல."

மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது, வால் முளைத்த தீப்பெட்டி போல, போனில் நேராகச் செருகுவது, ஆயிரத்து நூற்றைம்பது. தனி பேட்டரி கிடையாது, போனின் சார்ஜைத்தான் குடிக்கும். இரண்டாவது சீட்டுக்கட்டு அளவு, சொந்த பேட்டரி, பக்கவாட்டில் சத்தத்தை ஒரேயடியாகத் தூக்கிவிடும் சுவிட்ச், மூவாயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாவது ஏழாயிரத்து ஐந்நூறு. "அத சும்மா தொட்டுப் பாரு" என்றார்.

போனில் இருந்த மூன்றாவது பேட்டியைப் போட்டேன். இந்தப் பேட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்பவர் வலது பக்கமும் பதில் சொல்பவர் இடது பக்கமும் பதிவாகியிருப்பார்கள். இதில் பதில் சொல்வது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்யும் ஓர் அம்மா. தீப்பெட்டியைச் செருகினேன். கேள்வி கணீரென்று வந்தது. பதில் கிணற்றுக்குள் இருந்து வந்தது. சீட்டுக்கட்டைப் போட்டேன். கேள்வி காதைக் கிழித்தது. பதில் கிணற்றில் ஒரு படி மேலே ஏறியிருந்தது, அவ்வளவுதான். சுவிட்சைத் தட்டினேன், சத்தக் குமிழை முழுசாகத் திருகினேன்.

கேபிள் வாங்க வந்த ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். மரி அக்கா அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார்.

"காது போயிடும்! வெளிய நிக்கிற எனக்கே அந்தம்மா பேசறது கேக்குது."

"இடது பக்கம் வரவே இல்ல மேடம். ஆம்ப் சரியில்லன்னு நெனைக்கிறேன்."

இந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் என் ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டி அரை நிமிடம் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்குது. இந்தா, இப்ப மாத்திப் போடு. இடது பக்கத்த வலது காதுல வை."

மாற்றிப் போட்டேன்.

அந்த அம்மா என் தலைக்குள் வந்து நின்று பேசினார். மூச்சு வாங்கியது, பின்னால் ஆடு கத்தியது, எல்லாம் கேட்டது. கேள்வி கேட்டவர் காணாமல் போயிருந்தார். கழற்றி நேராகப் போட்டேன், அம்மா கிணற்றுக்குள் போனார். மறுபடி மாற்றினேன், கேள்விக்காரர் கிணற்றுக்குள் போனார். கழற்றினேன். மாட்டினேன். எத்தனை தரம் செய்தேனோ தெரியாது. 

ஹெட்போன்கள் நான்கும் நல்லவை. ஆம்ப் நல்லது. போன் நல்லது. செத்திருந்தது என் காது.

"ஓலாலா" என்று பிரெஞ்சில் வியந்தார் மரி அக்கா, இந்தத் தரம் கிண்டல் இல்லாமல். "தம்பி, எவ்ளோ நாளா இப்டி?"

எனக்குத் தெரியவில்லை என்பதுதான் பதில். எல்லோரும் கத்திப் பேசும் வீட்டில் ஒரு காது போனால் யாருக்குத் தெரியும்? கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. இருபத்தைந்து வயதில் பாதிச் செவிடு என்றால் நான் போய் என்ன வேலை செய்வேன்? மரி அக்கா என்னை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரின்னா காலங்காத்தால போய்ச் சீட்டு போடணும். இப்ப மணி பதினொன்னர. ரெட்டியார்பாளையத்துல காது டாக்டர் யாராவது இருப்பாங்க, ஒரு மணி வரைக்கும் பாப்பாங்க. ஓடு. ஹெட்போன் இங்கயே இருக்கட்டும்."

பகல் 12.15. ரெட்டியார்பாளையம், விழுப்புரம் சாலை, நகரத்திலிருந்து நாலு கிலோமீட்டர். 'காது மூக்கு தொண்டை' என்ற பலகையை எத்தனையோ முறை பேருந்தில் கடந்திருக்கிறேன். நமக்கில்லை என்று நினைத்திருக்கிறேன். கட்டணம் நானூறு. மருத்துவர் என்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவராக இருப்பார். வலது காதைப் பார்த்து "நல்லாருக்கு" என்றார். இடது காதில் விளக்கை வைத்தவர் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார்.

"உள்ள என்ன வெச்சீங்க?"

"ஒண்ணும் வெக்கல சார்!"

"கத்தாதீங்க. அசையாம இருங்க."

மெல்லிய இடுக்கி உள்ளே போனது. எதையோ பிடித்தது, இழுத்தது. என் மூளையிலிருந்து கயிறு உருவுவது போல இருந்தது. பிறகு 'பொளக்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து மின்விசிறியின் சத்தம். இந்த அறையில் மின்விசிறி ஓடுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வெள்ளைத் தட்டில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது. மருத்துவர் இடுக்கியால் பிரித்தார். உள்ளே நார் நாராக வந்தது.

"பஞ்சு. எண்ணெய்ல நனைச்ச பஞ்சு. வருசக்கணக்கா உள்ள இருந்து அழுக்கோட சேந்து கல்லாயிருக்கு."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மில்லில் தறிச் சத்தத்துக்கு அப்பா பஞ்சை எண்ணெயில் நனைத்துக் காதை அடைத்துக்கொள்வார். பரீட்சைக்குப் படிக்கும்போது வீட்டுச் சத்தம் தாங்காமல் நானும் பரணில் இருந்த மில் பஞ்சை அப்படியே செய்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க, கல்லூரி மூன்று வருடம் முழுக்க. அடைத்த பஞ்சை எடுப்பேன். எடுத்தது முழுசாக வந்ததா என்று யார் பார்த்தது? கடைசிப் பரீட்சை முடிந்து நாலு வருடம் ஆகிறது. நாலு வருடமாக ஒரு துண்டு உள்ளேயே குடியிருந்திருக்கிறது.

செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லை, லேசாகச் சிவந்திருக்கிறது என்றார். ஐந்து நாளைக்குச் சொட்டு மருந்து, தண்ணீர் படக்கூடாது, ஹெட்போனில் சத்தம் குறைவாக வைக்க வேண்டும். அந்தப் பஞ்சைக் கேட்டு வாங்கி மருந்துச் சீட்டில் மடித்துக்கொண்டேன். "இத வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மணி ஒன்று. வாசலுக்கு வந்தவன் மறுபடி உள்ளே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். விழுப்புரம் சாலையில் இவ்வளவு ஹாரனா? ஷேர் ஆட்டோ போல ஆள் ஏற்றும் டெம்போவில் ஏறியதும் பக்கத்துப் பெண்ணின் வளையல், யாரோ கடலை மெல்லும் ஒலி, தகடு ஒன்று கடகடவென்று ஆடுவது, எல்லாம் ஒரே நேரத்தில் மேலே விழுந்தன. டிரைவரிடம் "பஸ் ஸ்டாண்டு" என்றேன். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். யார் இந்த முரடன், எதற்காக இப்படிச் சண்டைக்கு வருகிறான்?

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பல கடைகள் மதியம் ஒன்றரைக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே கடற்கரைச் சாலைக்குப் போனேன். கறுப்புப் பாறைகளில் அலை மோதும் ஒலி எனக்குப் பழக்கம். ஆனால் மோதிய பிறகு பாறை இடுக்குகளில் தண்ணீர் சலசலவென்று வடிந்து இறங்கும் ஒலி ஒன்று இருக்கிறது. நாலு வருடத்தில் எத்தனை தரம் இங்கே உட்கார்ந்திருப்பேன்! ஒரு கையால் இடது காதை மூடிப் பார்த்தேன். அந்த ஒலி கரைந்துபோனது. திறந்தேன், வந்தது. பயந்துகொண்டே இதையே செய்துகொண்டிருந்தேன்.

மாலை 4.10. மடித்த சீட்டைப் பிரித்து மரி அக்காவிடம் காட்டினேன்.

"சீ! என் மேசை மேல வெக்காத." பிறகு குனிந்து பார்த்தார். "இதுக்கா என் ஆம்ப்ப குத்தம் சொன்ன?"

"மன்னிச்சுக்குங்க அக்கா."

"அட, இப்ப மனுசன் மாதிரி பேசற."

ஹெட்போனை மாட்டி, தீப்பெட்டியைச் செருகி, சத்தத்தைக் கால் பங்குக்கு வைத்தேன். போதும் போதும் என்று இருந்தது. வெறும் போனில் கேட்டேன், கொஞ்சம் சன்னம். வீடியோக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. பேட்டியைக் கடைசி வரை ஓடவிட்டேன். ஓரிடத்தில், 'பதில் தெளிவில்லை' என்று நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். "பிள்ளைகளைப் படிக்க வெச்சீங்களா?" என்று கேள்விக்காரர் கேட்கிறார். இடது காதில் அந்த அம்மா தெளிவாகச் சொன்னார்: "பெரியவன் படிச்சான். ஊட்டுக்கு வந்தா காதுல ஒயர மாட்டிக்கிறான். நான் கூப்புடறது அவனுக்குக் கேக்காது."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

ஆயிரத்து நூற்றைம்பது கொடுத்துத் தீப்பெட்டியையே வாங்கினேன். உங்கள் ஹெட்போன் பெரிய ரகமாக இருந்து போன் சத்தம் போதவில்லை என்றால் இந்த விலைக்குள்ளேயே காரியம் முடியும். ஆனால் கடைக்குப் போகும் முன் ஹெட்போனை ஒருமுறை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்தப் பேட்டியை ஞாயிறு முழுக்க உட்கார்ந்து முடித்து அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்த வித்திருப்பேன். மாத்திப் போடுன்னு சொல்லி என் வாயாலயே கெடுத்துக்கிட்டேன்" என்றார் மரி அக்கா, அன்று கடையில் மீதியை எண்ணிக் கொடுத்தபடி.

மாலை 6.30. கண்டமங்கலத்தில் இறங்கி நடந்தேன். எங்கள் தெருமுனையில் திரும்பியதும் யாரோ பயங்கரமாகச் சண்டை போடுவது கேட்டது. எந்த வீடு என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீடு. சண்டை இல்லை. ரசத்துக்கு உப்பு போட்டாச்சா என்று அப்பா கேட்கிறார், போட்டாச்சு என்று அம்மா சொல்கிறார். எட்டு வீடு தள்ளி நின்றிருந்தேன். இத்தனை வருடமாக எங்கள் வீட்டின் ஒவ்வொரு வார்த்தையையும் இந்தத் தெரு கேட்டிருக்கிறது. என் பரீட்சை மதிப்பெண், அம்மாவின் அழுகை, எல்லாவற்றையும்.

அப்பாவிடம் பஞ்சைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன், வழக்கமான உரத்த குரலில். அவர் விரலால் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நம்ம மில்லு பஞ்சுதான்டா இது!"

"எப்டிப்பா தெரியும்?"

"இருவத்திரெண்டு வருசம் காதுல வெச்சவனுக்குத் தெரியாதா?"

பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். மரி அக்காவிடம் பேசிய அதே புதுக் குரலில் சொன்னேன்: "அப்பா, திங்கக்கெழம கோரிமேட்டுக்குப் போலாம். உன் காதையும் காட்டிடலாம்."

அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

எழுந்து நின்றேன். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தினேன். எதிர்வீட்டு நாய் எழுந்துகொண்டது. இரண்டு வீடுகளில் ஜன்னல் திறந்தது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"போலாம். அத ஏன்டா இவ்ளோ மெதுவா சொல்ற?"