பல் வலி லீவு

அந்த வீட்டில் யாருக்கும் பல் வலி வந்ததே கிடையாது. ஆனால் புருஷன் வேலை பார்த்த பெரிய கம்பெனியில் அவன் கொடுத்த லீவு விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தால், அவன் வாயில் ஒரு பல்கூட மிஞ்சியிருக்க நியாயமில்லை.

காரணம் அவனுடைய மேனேஜர். அந்த மனிதர் கத்த மாட்டார், திட்ட மாட்டார். "சார், நாளைக்கு லீவு வேணும்" என்று போய் நின்றால், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "எதுக்கு?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையிலேயே எதிரில் நிற்கிறவன் கூனிக் குறுகிப் போவான். ஒருமுறை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று உண்மையைச் சொல்லி லீவு கேட்டான். "நீங்க போய் என்ன வைத்தியமா பார்க்கப் போறீங்க?" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து உண்மையைச் சொல்வதை நிறுத்திவிட்டான். உண்மைக்கு எதிர்க்கேள்வி உண்டு, பல் வலிக்குக் கிடையாது என்று கண்டுபிடித்திருந்தான்.

வீட்டில் அந்த மேனேஜருக்கு 'எதுக்கு சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவள் பெண்டாட்டி. அவன் வெந்து நொந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, இன்னிக்கு எதுக்கு சார் என்ன சொன்னார்?" என்று ஆரம்பித்துவிடுவாள். அவன் அவரைப் போலவே உதட்டைச் சுழித்து நடித்துக் காட்டுவான். அவள் சிரித்து அவனையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவளும் அதே நேரத்துக்குத்தான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்திருப்பாள் என்பது இரண்டு பேருக்குமே அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஒருநாள் எதுக்கு சார் புதிதாக ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "எந்தப் பல்லு?" இவன் பதறிப்போய் முதலில் வலது கன்னத்தைத் தொட்டான், அப்புறம் இடது கன்னத்தைத் தொட்டான். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டியபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று அழ ஆரம்பித்தான். நாற்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை, சின்னக் குழந்தை மாதிரி கன்னத்தைப் பிடித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேனே என்று தேம்பினான். அவளுக்கு மனசு தாங்கவில்லை.

"விட்டுடுங்க. வேலையை விட்டுடுங்க" என்றாள்.

"உனக்கும்தானே பிடிக்கலை? நீயும்தானே பை தைக்கப் போறேன், பை தைக்கப் போறேன்னு சொல்லிட்டிருக்கே?"

அது உண்மை. உள்ளறை ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின் இருந்தது. சட்டை, பாவாடை எல்லாம் அவளுக்கு ஓடாது. பைதான் அவளுக்கு உயிர். வேலைக்குப் போகிற பெண்கள் சாப்பாட்டு டப்பாவைச் சாய்த்து வைத்து, குழம்பு ஒழுகி, குடையைத் தேடி, சாவியைத் தேடி பஸ்ஸில் படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து அவளே ஒரு பை தைத்தாள். டப்பா நிமிர்ந்து நிற்க அடியில் ஒரு அறை, ஈரக் குடைக்குத் தனி உறை, சாவி மாட்ட உள்ளே ஒரு கொக்கி. ஆபீஸில் பார்த்தவர்களெல்லாம் எனக்கொன்று, என் அக்காவுக்கொன்று என்று கேட்டார்கள். ஒரு சின்ன அறை எடுத்து, பெயர்ப்பலகை மாட்டி, பை மட்டுமே தைக்கிற கடை வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"ஒரே நேரத்துல ரெண்டு பேரும் விட முடியாது. முதல்ல நான் வெளிய வர்றேன். நீ சம்பளத்தைப் பிடிச்சுக்கோ. நான் கால் ஊன்றினதும் உன் முறை. சத்தியமா" என்றான்.

அவள் சரி என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் தங்கை இன்றைக்கும் அதைத்தான் தப்பு என்கிறாள். சரி என்றதில் தப்பில்லை. கால் ஊன்றிவிட்டதா இல்லையா என்று யார் சொல்வது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் தப்பு.

அவன் வேலையை விட்ட அன்று அவளே "வாங்க முதலாளி" என்று வாசலில் நின்று வரவேற்றாள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முதலாளி தொடங்கிய தொழிலைக் கேட்டால் சிரிப்பு வரும். காலமெல்லாம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வளைய மாட்டேன் என்று ஓடி வந்தவன், ஊரார் உட்கார்ந்து முதுகு வளைய நாற்காலி வாடகைக்கு விட ஆரம்பித்தான். மூடிப்போன ஆபீஸ்களிலிருந்து பழைய நாற்காலி மேஜைகளை வாங்கி, துடைத்து, சக்கரம் மாற்றி, புதிதாகத் தொடங்குகிற சின்னக் கம்பெனிகளுக்கு மாத வாடகைக்குக் கொடுப்பது. யோசனை நல்ல யோசனைதான். பிடித்துக்கொள்ளத்தான் நாளானது.

அந்த நாளெல்லாம் வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. அவளுடைய பிரிவுக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தான், அவளைவிட வயதில் சின்னவன். காகிதத்தைக் கையில் தர மாட்டான், மேஜைமேல் வீசுவான். முன்பென்றால் அவள் எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இப்போது பொறுக்கி அடுக்கி வைத்துக்கொண்டாள். ஒரு குடும்பத்தில் ஒருவர் ரோஷப்படத்தான் வசதி இருக்கிறது. அதை அவன் எடுத்துக்கொண்டுவிட்டான்.

முதலாளியின் நேரம் முதலாளியின் கையில் இருந்தது. காலையில் நீச்சல், மதியம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் நண்பர்களோடு டீ. நடுவில் தொழில். அவள் பஸ்ஸுக்கு ஓடும்போது மாடியில் டம்ளரோடு நின்று கையசைப்பான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆரம்பத்தில் அவளுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுத முகம் தெளிந்துவிட்டதே என்று இருந்தது.

தொழில் பிடித்துக்கொண்டது. நாற்காலிகள் உள்ளறைக்கு வந்தன. முதலில் மிஷின் பக்கத்தில் இரண்டு நின்றன. அப்புறம் மிஷின்மேல் ஒரு அட்டைப்பெட்டி ஏறியது, சக்கரங்கள் போட்டு வைக்க. "ரெண்டே நாளைக்கு" என்றான். பிறகு அந்தப் பெட்டியின்மேல் இன்னொரு பெட்டி. மிஷின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"என்னங்க, என் முறை எப்போ?" என்று கேட்டாள்.

"இப்பத்தாம்மா மூச்சு விட ஆரம்பிச்சிருக்கேன்."

மறுபடி கேட்டபோது, "பேங்க்ல உன் சம்பளத்தைக் காட்டித்தான் கடன் வாங்கியிருக்கு. இப்போ போய் விடறேன்னு சொன்னா எப்படி?" என்றான். அதற்கடுத்த முறை, "யாராவது ஒருத்தர் நிலையா இருக்கணும்ல?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதால் சண்டை போடவும் வழியில்லாமல் போனது.

ஒருநாள் சிறுதொழில் செய்பவர்களின் சங்கத்தில் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரிசையில் அவளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் எதுக்கு சாரை நடித்துக் காட்டினான். பல் வலிக் கதையைச் சொன்னான். அரங்கம் குலுங்கியது. அவர்கள் வீட்டு அடுப்படிச் சிரிப்பை ஊரே சிரித்தது. "ஒரு நாள் முடிவெடுத்தேன். கையில ஒண்ணும் இல்லை. பின்னால யாரும் இல்லை. தனி ஆளா நின்னேன்" என்றான். கைதட்டல். கடைசியில் நினைவு வந்தவன்போல, "என் மனைவி எனக்கு ஒரு தூண்" என்றான். அதற்கும் கைதட்டல்.

"தூணைத்தான் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க அக்கா, முட்டிக்கிட்டாத்தான் பார்ப்பாங்க" என்று தங்கை காதில் சொன்னாள். அவள் கைதட்டினாள். கை வலிக்கிற அளவுக்குத் தட்டினாள்.

பிறகு இன்சூரன்ஸ் ஆபீஸில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். தாமாக விலகுகிறவர்களுக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவள் முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டாள். புருஷனைக் கேட்கவில்லை. கேட்டால் அன்பாக ஏதாவது சொல்லிவிடுவான் என்று பயம். தொகையைத் தன் பெயரில் போட்டு வைத்துக்கொண்டாள். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததுகூடத் தெரியவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது.

"விட்டுட்டேங்க" என்றாள் வாசலிலேயே.

அவன் முகம் மாறும் என்று நினைத்திருந்தாள். மாறியது, ஆனால் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு! கணக்குப் பார்க்க ஒரு ஆள் தேடிட்டே இருந்தேன். வெளி ஆளை நம்ப முடியுதா? உன்னைவிட யாரு?"

"நான் பைக் கடை..."

"போடலாம், யாரு வேண்டாம்னா? கொஞ்ச நாள் இதைப் பாரு. நம்ம கம்பெனிதானே? நேரம் காலம் எதுவும் கிடையாது, உன் இஷ்டத்துக்குச் செய்யலாம். ஆபீஸ் மாதிரியா?"

மறுநாளே இருப்பதில் நல்ல நாற்காலியாகப் பார்த்து அவளுக்கென்று எடுத்துப் போட்டான். சக்கரத்துக்கு எண்ணெய்கூட விட்டிருந்தான். மிஷினும் பெட்டிகளும் இருந்த அதே அறையில், சுவரைப் பார்த்தாற்போல மேஜை.

ஆபீஸ் மாதிரி இல்லைதான். ஆபீஸில் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து வந்துவிடலாம். ஆபீஸில் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். இங்கே ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனும், "மேடம், சக்கரம் சுத்தலை, எப்போ ஆள் வரும்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதலாளி நீச்சலுக்குப் போயிருப்பார். சம்பளம் கிடையாது, நம்ம கம்பெனிதானே. லீவு கிடையாது, நேரம் காலமே இல்லையே.

அவள் இறங்கி ஏறிய பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தெருமுனையில் ஒரு அறை இருந்தது. கண்ணாடிக் கதவு, வடக்குப் பார்த்த வெளிச்சம். அதில் இருந்த போட்டோ கடை காலியாகி, வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. காய் வாங்கப் போனவள் பார்த்துவிட்டாள். வேலைக்குப் போகிற அத்தனை பெண்களும் அந்த நிறுத்தத்தில்தான் நிற்பார்கள். அறைக்குச் சொந்தக்காரம்மாவிடம் போனில் பேசினாள். "நாளைக்குக் காலையில வந்து பாருங்க. வேற ரெண்டு பேரும் கேட்டிருக்காங்க" என்றார்.

அவன் லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அவள் அறை வாசலில் வந்து நின்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். தெருமுனை அறையைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, எல்லாவற்றையும். கூட வாங்களேன் என்று கூப்பிடக்கூட நினைத்திருந்தாள்.

"நாளைக்குக் காலையில நான் இருக்க மாட்டேங்க" என்றாள்.

"எதுக்கு?"

கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. உதடு அதே மாதிரி சுழிந்திருந்தது. இந்த முறை நடிப்பு இல்லை.

எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேள்வி வரும் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த நாளில் அவன் சொல்லிச் சொல்லி அழுதது என்ன என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாக விளங்கியது.

"பல் வலி" என்றாள்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும். அடிப்பாவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள், பாதி மன்னித்தும் இருப்பாள்.

"சரி. மதியத்துக்குள்ள வந்துடு. லோடு வருது" என்றான்.

மறுநாள் காலை அவன் நீச்சலுக்குப் போனதும், மிஷின்மேல் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி அவன் மேஜைமேல் வைத்தாள். அழுகையாக வந்தது, துடைத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை அறையில் தரையெல்லாம் தூசி. ஆனால் வெளிச்சம் அவள் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. பையிலிருந்து முன்பணத்தை எடுத்து நீட்டினாள்.

சொந்தக்காரம்மா வாங்கத் தயங்கினார். "அவசரமில்லைம்மா. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றீங்களா?"

"அவர்கிட்ட லீவு மட்டும்தாங்க கேக்கணும். அதைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள்.