ஆணிக்கு ஓர் ஆள்

சாலைக் கடைத்தெருவின் வரலாற்றை எழுதியோர் அரிசியைப் பற்றியும் மிளகைப் பற்றியும் எழுதினர். சுவரிலிருந்த ஆணிகளை எவரும் பொருட்படுத்தவில்லை. யாருக்கு வேலை என்பதை அறுதியிட்டவை அவையே என்பதால் இதனை எழுதி வைக்கிறேன்.

நாடு விடுதலை பெற்றதற்கு மறு ஆண்டு. தமிழில் பட்டம் பெற்றிருந்தேன்; வேலை இல்லை. வேலை அமைந்த பின்னரே மணநாள் குறிப்பதாகப் பெண்வீட்டார் எழுதிவிட்டனர். என் தாய்மாமன் அக்கடைத்தெருவிலேயே மிகப் பெரிய, மிகப் பழைய அரிசி மண்டியில் தலைமைக் கணக்கர். அங்கே சட்டை மாட்டப் பதினான்கு ஆணிகள். ஆணிக்கு ஓர் ஆள். மண்டியை நிறுவியவர் தம் கையால் அறைந்தவை ஆதலின், பதினைந்தாவதை அறைய எவரும் துணியவில்லை.

"ஆணி ஒண்ணு ஒழியட்டும் மருமவனே, நான் சொல்லுகேன் கேட்டியா" என்பார் மாமன்.

ஒழியக்கூடியது எடைபோடும் முதியவரின் ஆணி ஒன்றே. அவர் காலையில் வந்து சட்டையை மாட்டிவிட்டு, சாக்குகளின்மேல் மாலைவரை உறங்குவார். நான் நாள்தோறும் சென்று அவர் உடல்நலம் உசாவினேன். என் அன்பில் நெகிழ்ந்து அவர் மேலும் நலமடைந்தார்.

எதிரே ஓராண்டுகூட நிறையாத இரும்புக்கடை, கதவளவே அகலம். அதற்குள் நால்வர் வேலைக்குச் சேர்ந்திருந்தனர். சிறிய கடை என்பதாலன்று, புதிய கடை என்பதாலேயே ஆள் சேர்ந்தது. அதே அகலமுள்ள பக்கத்துக் குடைக்கடையில் முப்பது ஆண்டுகளாகத் தந்தையும் மகனுமே இருந்தனர். இரும்புக்கடையின் திருநெல்வேலி முதலாளி ஒருநாள் என்னை அழைத்தார்.

"அங்க காத்துக் கெடந்தா உமக்குத்தான் வயசாவும். நாளைக்கு வாரும் ஓய். உக்கார எடம் பொறவு பாப்போம்."

"ஆடிக்காத்துல பறக்குத கடையில்லா அது" என்று மாமன் அஞ்சினார். அச்சம் வீணன்று, அவ்வரிசையில் தோன்றிய புதுக்கடைகள் சில அடுத்த மழைக்காலத்தைக் காணவில்லை. நான் சேர்ந்த இரும்புக்கடை கண்டது. என் திருமணமும் நிகழ்ந்தது. முதியவர் வந்து வயிறார உண்டார்.

ஆறேழு ஆண்டுகளில் கடை மூன்று கதவகலமாயிற்று; நான் மேலாளனானேன். சட்டைகள் கம்பிச் சுருள்மேல் கிடப்பது ஒழுங்கன்று எனக் கருதி, இருந்த பதினொருவருக்கும் வரிசையாகப் பதினோர் ஆணிகள் அறைந்தேன். அதன்பின் ஈராண்டு எவரையும் சேர்க்கவில்லை. அது எனக்குப் புலப்படவுமில்லை.

பின்னர் வேலை கேட்டுப் பட்டதாரி ஒருவர் வந்தார். அவர் முகத்தைப் பார்க்குமுன் என் கண் சுவருக்குச் சென்றது. "ஆணி ஒண்ணும் ஒழிவில்லையே" என்றேன்.

உள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது: "ஓய், நாம விக்கிறதே ஆணிதானே?"

பன்னிரண்டாவது ஆணியை நானே அறைந்தேன், சற்றுக் கோணலாயிற்று. இன்று அக்கடையை எனக்குப்பின் மேலாளனாக என் மகன் நடத்துகிறான். ஆணிகள் இன்னும் பன்னிரண்டே. அவனிடம் சுத்தியலைக் கொடுத்துப் பார்த்தேன். விலைச்சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டான்.

மண்டியின் ஆணிகள் பதினைந்து என மாமன் வீட்டார் இன்றும் வழக்காடுகின்றனர். அது உண்மையாயின் ஓர் ஆணி ஒழிந்தே கிடக்க, ஓராண்டு வீணே காத்திருந்தேன் என்றாகும். எண்ணிப் பார்த்தவர் எவரேனும் இருப்பின், என் பிழையைத் திருத்துமாறு வேண்டுகிறேன்.